வீட்டுப் பட்டறைக்கு ட்ராலி ஜாக்கி: செங்கோட்டை, தென்மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று வீட்டு ஷெட்டிலேயே தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜாக்கி வாங்கப் போகும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் இவை. தரையில் உருட்டி வண்டிக்கு அடியில் தள்ளுகிற ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கியைப் பற்றித்தான் பேச்சு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் எத்தனை டன் என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தரையும் உங்கள் வண்டியின் உயரமும்.

காரோடு கொடுத்த ஜாக்கி இருக்கிறதே, அது போதாதா?

ஸ்டெப்னி மாற்றுவதோடு சரி என்றால் போதும், காசைச் செலவழிக்காதீர்கள். அந்தக் கத்தரி ஜாக்கி அதற்காகவே செய்தது. அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், திருகித் திருகி ஏற்ற வேண்டும், பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சாய்ந்துவிடும். பிரேக் பேட் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது, அடியில் துரு பார்ப்பது என்று நீங்களே செய்கிற ஆள் என்றால் ட்ராலி ஜாக்கி வேண்டும்.

பொலேரோ, ஜீப் வைத்திருப்பவர்கள் பாட்டில் ஜாக்கி இருக்கிறதே என்பார்கள். அச்சுக்கு நேர் கீழே வைத்துத் தூக்க அது நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நிற்கிற உயரமே அதிகம் என்பதால் சாதாரண காருக்கு அடியில் நுழையாது, அடிப்பாகமும் சின்னது.

சரி, எத்தனை டன் வாங்குவது?

ஆல்டோ 800 மாதிரி வண்டி முக்கால் டன்னுக்கு முன்னே பின்னே இருக்கும். ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்குள். பொலேரோ ஒன்றரை டன்னைத் தாண்டும், இன்னோவா கிரிஸ்டா ஏறக்குறைய 1,800 கிலோ. இது முழு வண்டியின் எடை. நீங்கள் முழு வண்டியையும் ஒரே ஜாக்கியில் தூக்கப் போவதில்லை. ஒரு மூலையைத் தூக்குவீர்கள், அல்லது முன்பக்கம் முழுவதையும் நடுவில் கொடுத்துத் தூக்குவீர்கள். முன்னால் இன்ஜின் உள்ள, முன் சக்கரங்களே இழுக்கிற சின்னக் காரில் எடையில் பாதிக்கு மேல் முன்னால்தான் இருக்கும், 60 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் காரில் அது 600 கிலோ. கிரிஸ்டாவின் முன்பக்கத்தைத் தூக்கினாலும் ஒரு டன் அல்லது கொஞ்சம் கூடுதல்தான் ஜாக்கி மேல் வரும்.

ஆக எடை மட்டும் கணக்கு என்றால் 2 டன் ஜாக்கி வீட்டு வண்டி எல்லாவற்றையும் தூக்கும். பிறகு ஏன் 3 டன்னைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், 3 டன் ஜாக்கியின் உடல் நீளம், சக்கரம் அகலம், ஏறுகிற உயரம் கூடுதல். நீங்கள் காசு கொடுப்பது அந்த நிதானத்துக்கு. டன் என்பது பெட்டியில் பெரிதாக அச்சடிக்க வசதியான எண், அவ்வளவுதான்.

இன்னொன்று. அமெரிக்கச் சந்தைக்கான மாடல்களில் டன் என்றால் 907 கிலோ, அந்த 3 டன் 2,722 கிலோதான். ஜாக்கியின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் கிலோ கணக்கு என்ன என்று பாருங்கள். கிலோ எங்குமே எழுதாத ஜாக்கியை அப்படியே கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

உயரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று உயரங்கள்.

முதலாவது, ஜாக்கி முழுக்க இறங்கி நிற்கும்போது அதன் தலை தரையிலிருந்து எவ்வளவு. சாதாரண ஜாக்கிகளில் இது 130 முதல் 140 மில்லிமீட்டர். தாழ்வானது என்று தனியாக விற்பவற்றில் 75, 80 மில்லிமீட்டர்கூட உண்டு. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், ஆல்டோவுக்கு 160. பார்த்தால் தாராளம் போலத் தெரியும். டயர் பஞ்சராகி வண்டி ரிம்மில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் எவ்வளவு தாழும் என்று யோசித்துப் பாருங்கள், அதோடு ஜாக்கி தலை மேல் வைக்கிற ரப்பர் கட்டைக்கும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் போய்விடும். பழைய ஸ்பிரிங் உட்கார்ந்துபோன வண்டி, அல்லது சின்ன ரிம் போட்ட வண்டி என்றால் கதை இன்னும் மோசம்.

இரண்டாவது, ஜாக்கி முழுக்க ஏறினால் எவ்வளவு. சின்ன 2 டன் ஜாக்கிகள் பெரும்பாலும் 330 மில்லிமீட்டர் சுற்றி நின்றுவிடும். பெரிய 3 டன் ஜாக்கி 450, 500 வரை போகும். காரின் உடலைத் தூக்கும்போது சக்கரம் உடனே தரையை விட்டு எழும்பாது. ஸ்பிரிங் நீண்டுகொண்டே போகும், உடல் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே போன பிறகுதான் டயர் மெல்லக் கிளம்பும். அதற்கு மேலும் கொஞ்சம் தூக்கினால்தான், தூக்கிய காரைத் தாங்கிப் பிடிக்கிற ஜாக் ஸ்டாண்டை அடியில் வைக்க முடியும். 3 டன் ஸ்டாண்டு குறைந்த நிலையிலேயே 280, 290 மில்லிமீட்டர் இருக்கும். 330-ல் நிற்கிற ஜாக்கியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மிச்சம் எதுவும் இருக்காது.

பொலேரோ மாதிரி சேசிஸ் (அடிச்சட்டம்) உயரமான வண்டியில் சின்ன ஜாக்கி முழுக்க ஏறினாலும் சேசிஸைத் தொடாமலே நிற்பதுண்டு. பின் அச்சில் கொடுத்தால் சரியாகப் போகும், ஏனென்றால் அச்சையே தூக்குவதால் ஸ்பிரிங் நீளுகிற வேலை அங்கே இல்லை. சேசிஸில்தான் தூக்குவேன் என்று ஜாக்கி தலை மேல் மரக்கட்டையை அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாக்கி ஏறும்போது அதன் தலை நேராக மேலே போவதில்லை, வளைவாகப் போகிறது. அந்த வளைவில் கட்டை சறுக்கினால் தடுக்க அங்கே எதுவும் கிடையாது. உயரம் பத்தவில்லை என்றால் உயரமான ஜாக்கி வாங்குங்கள்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். முன்பக்கம் பம்பருக்கு அடியில் தள்ளி நடுவிலுள்ள கிராஸ் மெம்பரில் (அடியில் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டம்) கொடுத்துத் தூக்க நினைத்தால், ஜாக்கியின் தலை மட்டும் நுழைந்தால் போதாது. கைப்பிடி செருகுகிற பின்பகுதி தலையை விட உயரமாக இருக்கும், அது பம்பரின் கீழ் உதட்டில் முட்டும். கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துப் பம்பர் அடி, பக்கவாட்டில் தூக்குகிற இடம், நடு கிராஸ் மெம்பர், இந்த மூன்றின் உயரத்தையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கியையும் கடையிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கிற உயரத்தை நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டு முற்றத்தில் இன்டர்லாக் கல் போட்டிருக்கிறோம். அதில் வைத்துத் தூக்கலாமா?

எங்கள் பக்கம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். எல்லை தாண்டிப் போனால் வீட்டுக்கு வீடு இன்டர்லாக், இங்கேயும் இப்போது அதேதான்.

ட்ராலி ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது வண்டிக்கு அடியில் தள்ள வசதிக்காக மட்டும் இல்லை. தலை வளைவாக ஏறுவதால், ஏற ஏற ஜாக்கியும் காரை நோக்கிக் கொஞ்சம் உருள வேண்டும். அது உருள முடியாமல் நின்றுவிட்டால் தலைதான் நகரும், அதாவது காரைத் தூக்குகிற இடத்திலிருந்து வழுக்கத் தொடங்கும், அல்லது காரையே இழுக்கும்.

இன்டர்லாக்கில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். இரும்புச் சக்கரம் சின்னது, கல்லும் கல்லும் சேருகிற பள்ளத்தில் முன் சக்கரம் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கைப்பிடியை அடிக்க அடிக்க ஜாக்கி அசையாது, தலை மேலுள்ள ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கும், பிறகு 'டக்' என்று சக்கரம் பள்ளத்திலிருந்து வெளியே குதிக்கும். கார் அந்த நொடியில் ஒரு ஆட்டம் ஆடும். போதாததற்கு அடியில் மணல் சரியாக இறுகாத இடத்தில் ஒரு கல் மட்டும் உள்ளே இறங்கும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம், அடியிலிருக்கிற மணலில் தண்ணீர் இறங்கிக் கல் இன்னும் தளர்ந்திருக்கும்.

வழி இருக்கிறது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்றை ஜாக்கியின் நீளத்துக்கு மேல் ஒன்றரை அடி கூடுதலாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அதன் மேல் ஜாக்கி வழவழவென்று உருளும். தகடு கனம் என்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட். பெரும்பாவூர்ப் பக்கம் இருந்து வருகிற பிளைவுட் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது, ஈரம் தாங்குகிற ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எது போட்டாலும் அந்தப் பலகையின் உயரம் உங்கள் முதல் உயரக் கணக்கில் கழியும் என்பதை மறக்கக் கூடாது, 135-ல் நிற்கிற ஜாக்கி பிளைவுட் மேல் 153 ஆகிவிடும்.

மண் தரையிலும் சரளையிலும் ட்ராலி ஜாக்கியைப் பலகையோடுகூட நான் சொல்ல மாட்டேன். நல்ல சிமென்ட் தளம் ஒரு காருக்குப் போட்டுக்கொள்வது ஜாக்கியை விட முக்கியமான செலவு. வழவழ டைல்ஸ் போட்ட போர்டிகோ என்றால், கனமான இரும்புச் சக்கரம் டைல்ஸ் முனையை உடைக்கும், அங்கேயும் பலகை வேண்டும்.

வீட்டு வாசல் சரிவு. கொஞ்சம்தான். பரவாயில்லையா?

இல்லை. தண்ணீர் வடிய விடுகிற லேசான வாட்டம் வேறு, தெருவிலிருந்து ஏறி வருகிற சரிவு வேறு. பந்து வைத்தால் உருண்டு ஓடும் இடத்தில் காரைத் தூக்க வேண்டாம். சமமான இடம் இல்லை என்றால் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள்.

இரும்பா, அலுமினியமா?

3 டன் இரும்பு ஜாக்கி 30 கிலோவைத் தாண்டும், அலுமினியம் கலந்தது சில கிலோ குறையும், முழு அலுமினியம் இன்னும் குறையும். ஜாக்கி ஷெட்டை விட்டு நகராது என்றால் இரும்பே போதும், விலையும் குறைவு. தினமும் தூக்கி அலமாரியில் வைக்க வேண்டும், முதுகுவலி இருக்கிறது என்றால் அலுமினியம். சாரல் ஈரத்தில் அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் அதிலும் பிஸ்டன் தண்டு, மூட்டு ஊசிகள் (பின்), சக்கர அச்சு எல்லாம் இரும்புதான்.

2 டன் சின்ன ஜாக்கி எட்டுப் பத்துக் கிலோ. பிளாஸ்டிக் பெட்டியில் வரும். லேசாக இருப்பதால் பிடிக்கும், ஆனால் கைப்பிடி குட்டை. குட்டைக் கைப்பிடி என்றால் அதிகம் அடிக்க வேண்டும், காருக்குப் பக்கத்திலேயே குனிந்து நிற்கவும் வேண்டும்.

எங்கள் போர்டிகோ ஒடுக்கம். பெரிய ஜாக்கி புழங்குமா?

கார் அகலம் ஐந்தரை அடி. பக்கவாட்டில் இருந்து தூக்க, ஜாக்கியின் உடலும் கைப்பிடியும் சேர்ந்து நாலைந்து அடி வெற்றிடம் கேட்கும். பத்தடி அகலமுள்ள போர்டிகோவில் காரை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால்தான் அது கிடைக்கும். இல்லையென்றால் முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் மட்டும் தூக்குகிற மாதிரி, நீளமான, தாழ்வான ஜாக்கியாகப் பாருங்கள். கைப்பிடி இரண்டு துண்டாகக் கழன்று வருவது நல்லது.

சும்மா விட்டாலே ஜாக்கி மெதுவாக இறங்குகிறது. ஏன்?

உள்ளே நடப்பது எளிது. நீங்கள் கைப்பிடியை அடிக்கும்போது ஒரு சின்ன பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெய் பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. பெரியதன் விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு, விசையும் ஒன்பது மடங்கு. கைப்பிடி நெம்புகோலாக இருந்து அதற்கும் மேலே பெருக்கிக் கொடுக்கிறது. திரும்பி ஓடி வராமல் எண்ணெயைப் பிடித்து வைப்பது குண்டுமணி போன்ற ஒரு எஃகுக் குண்டு வால்வும் சில ரப்பர் சீல்களும்தான்.

அந்தக் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் எண்ணெய் கசிந்து பின்னால் போகும், ஜாக்கி இறங்கும். சீல் தேய்ந்தாலும் அதே. ராத்திரி முழுவதும் விட்டுக் காலையில் கொஞ்சம் இறங்கியிருந்தால் பதற வேண்டாம். பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் சீல் கிட் மாற்ற வேண்டும், அல்லது ஜாக்கியை மாற்ற வேண்டும். நல்ல ஜாக்கியும் ஒரு நாள் இப்படி ஆகும், அதனால்தான் அடுத்த பதில்.

ஜாக் ஸ்டாண்டு கண்டிப்பாக வேண்டுமா?

வேண்டும். காரைத் தூக்குவது ஜாக்கி, தாங்கிப் பிடிப்பது ஸ்டாண்டு. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் கையை நீட்டுகிறீர்கள் என்றாலே ஸ்டாண்டு உள்ளே இருக்க வேண்டும், படுத்துக்கொண்டு வேலை செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கையில் உள்ள காசுக்கு ஒன்றுதான் முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மாறாது: சின்ன ஜாக்கி, கூடவே அது ஏறுகிற உயரத்துக்குப் பொருந்துகிற ஒரு ஜோடி ஸ்டாண்டு. பெரிய ஜாக்கி மட்டும் வாங்கிக்கொண்டு போய்ச் செங்கல்லை அடுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நசுங்கும் முன் முன்னறிவிப்பு தருவதில்லை, ஒரே வெடிப்பில் உடையும். மரம் வேறு. அயினி, தேக்கு மாதிரி கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாக அடுக்கினால் அது தாங்கும், நசுங்கினாலும் முனகிக்கொண்டுதான் நசுங்கும்.

ஸ்டாண்டில் எழுதியிருக்கும் 3 டன் ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள், பல தயாரிப்பில் அது ஜோடிக்கு. பல் வைத்த ஸ்டாண்டு என்றால் ஏற்றியவுடன் நெம்பைக் கீழே தட்டி, பல் முழுக்கக் கடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் காரை இறக்குங்கள். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் 17 லட்சத்துக்கு மேற்பட்ட 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது, பாரத்தில் அசையும்போது பல் சரியாகக் கடிக்காமல் விட்டுவிடும் என்பதால். அதனால் பல்லோடு சேர்த்து ஒரு பூட்டு ஊசியும் இருக்கிற ஸ்டாண்டு, அல்லது துளைக்குள் ஊசி மட்டும் செருகுகிற பழைய ரகம் எனக்குப் பிடிக்கும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பதும் காசில்லாத காவல்.

ஜாக்கி கொடுக்கிற இடத்திலேயே ஸ்டாண்டையும் எப்படி வைப்பது?

நியாயமான கேள்வி. அதனால்தான் நடுவில் கிராஸ் மெம்பரில் ஜாக்கியைக் கொடுத்து, இரண்டு பக்க ஓரங்களிலும் ஸ்டாண்டு வைக்கிறார்கள். எல்லா வண்டியிலும் நடுவில் தூக்க இடம் கிடையாது, கார் கையேட்டில் படம் இருக்கும், பாருங்கள். எண்ணெய் சம்ப் (இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), கியர் பெட்டி, சைலன்சர் குழாய் மேல் கொடுத்தால் காசு தண்டம்.

பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் இரண்டிரண்டு வெட்டு அடையாளம் இருக்கும், தூக்கும் இடம் அந்தந்த ஜோடிக்கு நடுவில். கொல்லம், ஆலப்புழைப் பக்கம் கடலோரத்தில் ஓடிய பழைய கார் வாங்கி வந்திருந்தால் முதலில் அந்த விளிம்பைப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கிற கருப்புப் பூச்சு மேலே புதிதாகப் பளபளக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தினால் பூச்சு பொக்கென்று உள்ளே போகும், ஓரத்தில் மைதா ரொட்டி மாதிரி அடுக்கடுக்காகத் துரு உதிரும். அப்படி இருந்தால் அங்கே ஜாக்கி கொடுக்கவே கூடாது, தகட்டை வெட்டி வெல்டு அடித்த பிறகுதான்.

தலையில் ரப்பர் வைக்க வேண்டுமா? இங்கேதான் ரப்பர் கொட்டிக் கிடக்கிறதே.

இரும்புத் தலை நேரடியாக அந்தத் தகட்டு விளிம்பை மடக்கிவிடும், அதனால் நடுவில் ஒரு கீறல் வெட்டிய ரப்பர் கட்டை நல்லது. தோட்டத்து ரப்பரில் இருந்து வார்த்த கட்டை, பழைய டயர்த் துண்டு எதுவும் வேலை செய்யும். ஒரே சங்கடம், இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. இன்ஜின் எண்ணெய் பட்டுப் பட்டு ஊதி, பிசுபிசுத்து, வழுக்கும். அப்படித் தொட்டால் ஒட்டுகிற கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டிக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா, சக்கரத்துக்கு எதற்குக் கட்டை?

பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் அது காற்றில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முன் சக்கரம் இழுக்கிற காரில் கியரில் போட்டால் முன்பக்கம் பிடிக்கும். ஆம்னி, பொலேரோ மாதிரி பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் கியர் உதவாது, இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் அந்தத் தூக்கிய சக்கரத்தைச் சுற்ற விட்டுவிடும். எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் எதிர்ப் பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டை வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதே இல்லை. உருண்டைக் கல் வைக்காதீர்கள்.

எண்ணெய் குறைந்தால் என்ன ஊற்றுவது? பிரேக் ஆயில்?

ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் ஜாக்கியின் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும், ஏனென்றால் அது கிளைக்கால் வகை, ஜாக்கிக்குள் இருப்பதோ கனிம எண்ணெய்க்கான ரப்பர். இன்ஜின் எண்ணெய் கெட்டி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், நுரைக்கும். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேலியாகக் கேட்பவர்கள் உண்டு. அது 24, 25 டிகிரியிலேயே உறைகிற சாமான், மார்கழிக் காலையில் ஆரியங்காவில் உங்கள் ஜாக்கி கட்டியாகக் கிடக்கும்.

அளவு பார்ப்பது ஜாக்கி முழுக்க இறங்கியிருக்கும்போதுதான். ஏற்றி வைத்துக்கொண்டு நிரப்பினால், இறக்கும்போது மிச்சம் வெளியே பீச்சும். பழைய எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

புது ஜாக்கி, ஆனால் கைப்பிடியை அடிக்கிற அடியில் பாதிக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.

காற்று. லாரியில் பார்சலாகப் புரண்டு வரும்போது உள்ளே நுழைந்துவிடும். ஜாக்கியை இறக்கத் திறக்கிற ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை முழுக்க அடியுங்கள், வால்வை மூடிப் பாரமில்லாமல் உச்சம் வரை ஏற்றி இறக்குங்கள். எண்ணெய் மூடியை ஒரு நொடி திறந்து மூடினால் அடைபட்ட காற்று போகும். இரண்டு மூன்று தடவை செய்தும் மெத்து மெத்தென்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கிற சின்ன பாதுகாப்பு வால்வைத் திருகிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், அதிக பாரம் ஏறினால் எண்ணெயைத் திருப்பி விடுவதற்காகத் தொழிற்சாலையில் அளந்து வைத்தது அது.

பழைய இரும்புக் கடையில் பெரிய ஜாக்கி ஒன்று கிடக்கிறது. வாங்கலாமா?

மூடிய வொர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து வந்த பழைய கனமான ஜாக்கி, இன்றைய மலிவான புது ஜாக்கியை விட நன்றாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. முழுக்க ஏற்றிப் பிஸ்டன் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் நல்லது. ஊசிமுனைக் குழிகளாகத் துரு தின்றிருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் அந்தக் குழி கிழித்துக்கொண்டேயிருக்கும், விட்டுவிடுங்கள். ஜாக்கியின் தூக்கும் கைகளில் வெல்டு போட்ட தடம் இருந்தால் வேண்டாம். எல்லாம் சரியென்றால் கடைக்காரர் வண்டியையே ஒரு முறை தூக்கச் சொல்லி, தலையின் உயரத்தை டேப்பால் அளந்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் வாங்குவதா, கேரளாவில் வாங்குவதா, ஆன்லைனா?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் இரண்டு மாநில வரி வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துப் புளியரை தாண்டியவர்கள் உண்டு. இப்போது வரி ஒன்றுதான். யார் சீல் கிட் கொடுக்கிறார்கள், யார் பழுது பார்த்துத் தருகிறார்கள் என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் விலை குறையும், ஆனால் 30 கிலோ இரும்பைத் திருப்பி அனுப்புவது பெரிய பாடு. உதிரிப் பாகம் கிடைக்காத ஜாக்கி முதல் கசிவிலேயே பழைய இரும்பு.

மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

முழுக்க இறக்கி வையுங்கள், தண்டு உள்ளே எண்ணெயில் இருக்கும், துரு பிடிக்காது. நிமிர்த்தியோ சாய்த்தோ சுவரில் மாட்ட வேண்டாம், கிடத்தியே வையுங்கள். சாரல் தொடங்கும் முன் சக்கர அச்சிலும் கைகள் சேருகிற ஊசிகளிலும் கிரீஸ் வையுங்கள். கிரீஸ் காய்ந்து சக்கரம் சுற்றாத ஜாக்கி சிமென்ட் தளத்திலும் இன்டர்லாக்கில் நிற்பதைப் போலவே நடந்துகொள்ளும்.

காற்றில் ஓடுகிற ஜாக்கி, 12 வோல்ட் மின்சார ஜாக்கி?

காற்று ஜாக்கிக்குக் கம்ப்ரசர் வேண்டும், அது லாரி பஞ்சர் கடைக்காரர் சாமான். 12 வோல்ட் ஜாக்கி கத்தரி ஜாக்கிக்கு மோட்டார் வைத்தது, திருக முடியாதவர்களுக்கு உதவும். வீட்டுப் பட்டறைக்கு இரண்டும் வேண்டாம்.

ட்ராக்டருக்கும் இதையே பயன்படுத்தலாமா?

வயலில் கூடாது. சிமென்ட் தளத்தில், முன் அச்சுக்கு மட்டும், எடை பார்த்துச் செய்யலாம். பின் சக்கரம் கழற்றுவது பெரிய பாட்டில் ஜாக்கியும் மரக்கட்டை அடுக்கும் வைத்துச் செய்கிற வேலை.

ட்ராலி ஜாக்கியைக் காரிலேயே வைத்துக்கொண்டு போகலாமா, வழியில் பஞ்சரானால்?

பத்துக் கிலோ இரும்பு டிக்கியில் உருண்டுகொண்டிருக்கும், புரண்டால் எண்ணெய் சிந்தும். பஞ்சர் ஆகிற இடமும் நமக்கு வசதியாக அமைவதில்லை, கொல்லம் சாலையில் புளியரை எஸ் வளைவுக்கு அருகில் சாலையோரச் சரளையில் நிற்கும்போது அந்தக் குட்டி இரும்புச் சக்கரம் உருளவே உருளாது. காரோடு வந்த ஜாக்கியைத் திருகாணிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து அதன் இடத்திலேயே வைத்திருங்கள், கூடவே ஒரு அடிச் சதுரத்தில் கனமான பலகைத் துண்டு ஒன்றும் இரண்டு ஆப்புக் கட்டையும்.